பாஸ்டன் மைதானத்தில் ஒரு தர்ம உண்டியல்

எங்கள் ஊர் விக்கிரமங்கலம். அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிறவர்கள் கொஞ்சம் சுற்றினால் எங்கள் ஊரையும் பார்த்துவிட்டுப் போகலாம். சோழீஸ்வரர் கோயில் இருக்கிறது. பழைய காலத்துப் புத்தர் சிலையும் இருக்கிறது. "சிவன் கோயில் ஊரில் புத்தர் எப்படி வந்தார்?" என்று வெளியூர் விருந்தாளிகள் கேட்பார்கள். வியாபாரமும் வழிப்போக்கர்களும் நிறைந்திருந்த ஊர்களில் எல்லாச் சாமிக்கும் இடம் இருந்திருக்கிறது என்று என் மாமனார் சொல்வார்.

கோயிலுக்கு அடுத்தபடி எங்கள் ஊரில் முக்கியமான இடம் என்றால் திடல்தான். மற்ற நாட்களில் ஆடு மேயும், நெல் காயும். பொங்கல் வந்துவிட்டால் அதற்குத் தனிக்களை! கரிநாளன்று கபடி, உறியடி, சாக்கு ஓட்டம் என்று பொழுது சாயும் வரை அமர்க்களப்படும். மாடியில்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டு மாடியில் இடம் பிடித்து உட்காருவார்கள். பெண்கள் நாங்களும் வேலையை முடித்துவிட்டுப் போய் நிற்போம்.

காசு வசூல் செய்வதிலும் எங்கள் பக்கத்து ஜனங்கள் சளைத்தவர்கள் அல்ல. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணம், காதுகுத்து என்றால் மொய் உண்டு. மொய் நோட்டை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துப் பத்திரமாகக் காப்பாற்றுகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் திடலில் கூடுகிற கூட்டத்தையும் இந்த வசூலையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, நோயாளிக் குழந்தைகளைப் பிழைக்க வைக்கலாம் என்பதை நான் தெரிந்துகொண்டது எங்கே தெரியுமா? கடல் கடந்து, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில், பேஸ்பால் மைதானம் ஒன்றில்!

காமாலை என்று சொன்ன வீடு

என் தம்பி பாஸ்டனில் வேலை பார்க்கிறான். அவன் மனைவிக்குத் தலைப்பிரசவம். அவள் அம்மாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் வர முடியவில்லை. "அக்கா, நீ வந்தாத்தான் ஆகும்" என்று தம்பி அழைத்தான். பத்தாவது வரை படித்த நான், பாஸ்போர்ட்டும் புளிக்காய்ச்சலுமாக 2024 மே மாதம் விமானம் ஏறினேன்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எனக்கு மகள் முறை ஆகிற பெண் ஒருத்தி. அவளுக்கு ஒரு பெண், ஒரு பையன். பையனுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. முகம் வெளுத்துப் போயிற்று. எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே கை காலில் நீலம் பாரித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து இரத்தப் புற்றுநோய் என்று சொல்லி, வைத்தியத்தையும் ஆரம்பித்துவிட்டார்கள். நான் சொல்லிக்கொண்டு வரப் போனபோது, அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னம்மா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஊர்ல காமாலைன்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவன் அக்காளை யாரு பொண்ணு கேட்டு வருவாங்க?"

வைத்தியச் செலவைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொள்கிறது. ஆனால் போக வர பஸ் செலவு, கூடத் தங்குகிறவர்களுக்கு ரூம் வாடகை, சாப்பாடு, வேலைக்குப் போகாததால் போன கூலி எல்லாம் யார் தருவார்கள்? அவள் காதில் தோடு இருந்த இடத்தில் துடைப்பக் குச்சி இருந்தது. காமாலை என்று சொன்ன வீட்டுக்கு யார் பண உதவி செய்வார்கள்? கீழாநெல்லி பறித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவ்வளவுதான். இந்தப் பாரத்தோடுதான் நான் விமானம் ஏறினேன்.

பச்சைச் சுவர்

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பத்தியச் சமையல், குளிப்பாட்டுதல், தூங்கப் போடுதல் என்று ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் தம்பி மனைவி, "அண்ணி, வந்ததுலேருந்து அடுப்படியும் தொட்டிலுமா இருக்கீங்க. நான் பாத்துக்கறேன், ஒரு சாயங்காலம் வெளிய போயிட்டு வாங்க" என்று பிடிவாதம் பிடித்தாள். தம்பி ஏற்கனவே டிக்கெட் வாங்கி வைத்திருந்தான். கோயில் குளம் ஏதாவது இருக்கும் என்று நினைத்துப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். அவன் அழைத்துப் போனது ஃபென்வே பார்க் என்ற பேஸ்பால் மைதானத்துக்கு!

டிராம் வண்டியில் கென்மோர் என்ற நிலையத்தில் இறங்கினால், ஜனங்கள் சாரி சாரியாகப் போகிறார்கள். நம் ஊர்த் தேரோட்டத்துக்குப் போகிற மாதிரியே இருந்தது. தாத்தா, பாட்டி, கைக்குழந்தை என்று குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தலையில் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தொப்பி. இந்த மைதானம் 1912 ஏப்ரலில் திறந்ததாம். நூறு வயதைத் தாண்டியும் இடித்துக் கட்டாமல் பாதுகாக்கிறார்கள். 'ரெட் சாக்ஸ்' என்ற அணிக்கு இது சொந்த மைதானம். சிவப்புக் காலுறை என்று அர்த்தம்! இடதுபக்கம் 37 அடி உயரத்துக்குப் பச்சைச் சுவர் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் இருக்கிற பலகையில் ஆட்ட எண்ணிக்கையை இன்னமும் ஆட்களே மாட்டுகிறார்கள். நம் பள்ளிக்கூட விளையாட்டு விழா மாதிரி!

ஆட்டத்தைப் பற்றி நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குச் சுலபம். ஒருவர் பந்து எறிய, இன்னொருவர் உருண்டைக் கட்டையால் அடிக்கிறார். மூன்று தடவை தவறவிட்டால் ஆட்டம் இழந்தார். அடித்துவிட்டால், சதுரமாக இருக்கிற நான்கு மூலைகளையும் சுற்றி ஓடிப் புறப்பட்ட மூலைக்கே வந்து சேர வேண்டும். அந்த மூலைக்குப் பெயர் என்ன தெரியுமா? 'வீடு'! பத்திரமாக வீடு வந்து சேர்ந்தால் ஒரு ரன். எனக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடித்துப் போயிற்று.

நடுநடுவே வேர்க்கடலை விற்கிற ஆள், பொட்டலத்தைப் பத்து வரிசை தாண்டித் தூக்கிப் போடுகிறான். வாங்குகிறவர் லாவகமாகப் பிடிக்கிறார். காசு கை மாறி கை மாறிப் போய்ச் சேருகிறது. இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருந்தது.

தொப்பி வைக்கும் சிலை

ஆட்டத்தைவிட என் மனத்தைக் கவர்ந்தது மைதானத்துக்கு வெளியே இருந்த ஒரு வெண்கலச் சிலைதான். உயரமான ஆட்டக்காரர் ஒருவர், தோளில் மட்டையைச் சாய்த்துக்கொண்டு, தன் தொப்பியைக் கழற்றி ஒரு சின்னப் பையன் தலையில் வைக்கிறார். பையன் அண்ணாந்து பார்க்கிறான். "யாருடா இது?" என்று தம்பியைக் கேட்டேன்.

"டெட் வில்லியம்ஸ்னு பெரிய ஆட்டக்காரர் அக்கா. நம்ம டெண்டுல்கர் மாதிரி. அந்தப் பையன் கேன்சர் வந்த குழந்தை."

எனக்குச் சட்டென்று ஊரில் விட்டுவிட்டு வந்த முகம் ஞாபகம் வந்தது. "ஆட்டத்துக்கும் கேன்சருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன கதையையும், பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

ஜிம்மி என்ற பையன்

1948-ஆம் வருஷம். பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இருந்தார். இறந்தவர்களின் உடலைச் சோதித்துக் காரணம் கண்டுபிடிக்கிற துறையில் இருந்தவர் அவர். இரத்தப் புற்றுநோயால் குழந்தைகள் சில வாரங்களிலும் மாதங்களிலும் போய்ச் சேருவதைப் பார்த்துப் பார்த்து, உயிரோடு இருக்கும்போதே ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தார். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டுமே! சினிமா தியேட்டர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய வெரைட்டி கிளப் என்ற தர்ம சங்கம் அவருக்குத் துணை நின்றது. ஊருக்குக் காட்ட ஒரு குழந்தை வேண்டும் என்று யோசித்தபோது, மெய்ன் மாநிலத்தின் ஒரு விவசாயக் குடும்பத்திலிருந்து வந்திருந்த 12 வயதுப் பையன் கிடைத்தான். அவனுக்குக் குடல் பகுதியில் புற்றுநோய். பேஸ்பால் என்றால் உயிர். அவன் நிஜப் பெயர் ஐனார் குஸ்டாஃப்சன். குழந்தையின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக 'ஜிம்மி' என்று வேறு பெயர் வைத்தார்கள்.

மே 22-ஆம் தேதி ராத்திரி, நாடு முழுவதும் கேட்கிற ரேடியோ நிகழ்ச்சி ஒன்றில் அவன் படுக்கைக்குப் பக்கத்தில் மைக்கை வைத்தார்கள். எங்கோ ஹாலிவுட்டில் இருந்தபடி ரால்ஃப் எட்வர்ட்ஸ் என்ற நிகழ்ச்சிக்காரர் அவனிடம் பேச்சுக் கொடுத்தார். பாஸ்டன் பிரேவ்ஸ் என்ற அணியில் உனக்கு யார் யாரைப் பிடிக்கும் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பையன் பெயர் சொல்லச் சொல்ல, அந்தந்த ஆட்டக்காரரே அறைக்குள் நுழைந்து "ஜிம்மி!" என்று கூப்பிடுகிறார்! குழந்தையின் சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமா? கடைசியில் எல்லோரும் சேர்ந்து பேஸ்பால் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். பையன் சுருதி சேராமல் கத்திப் பாடினானாம்.

பையன் பக்கத்து மைக்கை நிறுத்திய பிறகு, எட்வர்ட்ஸ் நேயர்களிடம் விஷயத்தைச் சொன்னார். இந்தப் பையனுக்குப் புற்றுநோய் இருக்கிறது, அது அவனுக்குத் தெரியாது, முழுப் பெயரையும் படத்தையும் வெளியிட மாட்டோம், இவனைப் போன்ற குழந்தைகளுக்காகப் பணம் அனுப்புங்கள் என்றார். 20,000 டாலர் சேர்ந்தால், ஆட்டத்தைப் படுக்கையிலிருந்தே பார்க்கப் பையனுக்கு ஒரு டெலிவிஷன் பெட்டி. அந்தக் காலத்தில் டெலிவிஷன் என்பது பெரிய அதிசயம் அல்லவா?

நிகழ்ச்சி நடந்தது எட்டே நிமிஷம்தான். ஆட்டக்காரர்கள் அறையை விட்டுப் போவதற்குள்ளேயே ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் பணத்தோடு வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். 'ஜிம்மி, பாஸ்டன்' என்று மட்டும் விலாசம் எழுதிக் கடிதங்கள் வந்து குவிந்தன. பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசுகளை உறையில் போட்டு அனுப்பினார்கள். 20,000 கேட்ட இடத்தில் 2,31,000 டாலருக்கு மேல் சேர்ந்தது! ஜிம்மிக்கு டெலிவிஷனும் வந்தது. 'ஜிம்மி நிதி' என்ற பெயரும் நிலைத்துவிட்டது. 1952-இல் அந்த நிதியில் ஆராய்ச்சிக்கென்று கட்டிடமே எழும்பியது. இன்று அது டானா ஃபார்பர் புற்றுநோய் நிலையம் என்று உலகப் புகழோடு விளங்குகிறது.

அணி போனாலும் தர்மம் போகவில்லை

1953-இல் பிரேவ்ஸ் அணி ஊரை விட்டே மில்வாக்கி நகரத்துக்குப் போய்விட்டது. நம் ஊராக இருந்தால் "அவங்க ஆரம்பிச்சது, அவங்களோட போச்சு" என்று விட்டிருப்போமோ என்னவோ! அதே ஊரின் இன்னொரு அணியான ரெட் சாக்ஸ் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அதன் முதலாளி டாம் யாக்கி, சிலையில் பார்த்த டெட் வில்லியம்ஸ், எல்லோரும் இதைத் தங்கள் சொந்தக் காரியமாக எடுத்துக்கொண்டார்கள். வில்லியம்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தைகளைப் பார்ப்பாராம். ஆனால் பத்திரிகைக்காரர்கள் வரக்கூடாது என்று நிபந்தனை போடுவாராம்!

எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் ரெட் சாக்ஸ் அணி ஜிம்மி நிதியோடு கைகோத்து நிற்கிறது. 2002 முதல் கோடையில் இரண்டு நாள் ரேடியோவிலும் டி.வி.யிலும் இடைவிடாமல் பேசிப் பணம் திரட்டுகிறார்கள். பிழைத்து எழுந்த குழந்தைகளும் அவர்களுடைய அம்மாக்களும் வந்து பேசுவார்களாம். ஆட்டம் நடக்கும்போது ஒரு சீட்டும் விற்கிறார்கள். சேர்ந்த பணத்தில் பாதி அதிர்ஷ்டசாலிக்கு, பாதி தர்மத்துக்கு. தமிழ்நாட்டில் 2003-இலேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டதால் அது நமக்கு ஆகாது. மற்றதெல்லாம் நமக்கும் ஆகும்.

சரி, அந்த ஜிம்மி என்ன ஆனான்? இறந்திருப்பான் என்றே ரொம்பப் பேர் நினைத்திருந்தார்கள். 1998-இல், ஐம்பது வருஷம் கழித்து, "நான்தான் ஜிம்மி" என்று அவரே வந்து நின்றார்! லாரி ஓட்டிப் பிழைத்து, கல்யாணம் செய்து, மூன்று பெண்களுக்குத் தகப்பனாகி, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டிருந்தார். 2001-இல்தான் காலமானார். ஐம்பது வருஷமும் அவர் பெயர் வெளியே வராமல் காப்பாற்றினார்கள் என்பதை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது.

மருந்தைத் தந்த மனிதர்

மறுநாள் காலை தம்பி என்னை மைதானத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் லாங்வுட் என்ற பகுதிக்கு அழைத்துப் போனான். குழந்தைகள் ஆஸ்பத்திரி, டானா ஃபார்பர் நிலையம், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. "அக்கா, இங்க உனக்குச் சொல்ல இன்னொரு கதை இருக்கு. ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்த மருந்தைச் செஞ்சு கொடுத்தவர் யாருன்னு நெனைக்கற? மெட்ராஸ்ல படிச்ச நம்ம ஆளு!" என்றான்.

அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் ஆந்திரத்து பீமவரத்தில் பிறந்தவர். அப்போது அதுவும் சென்னை மாகாணம்தான். மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிக் தேறினாராம். படித்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். உடன்பிறந்தவர்களை நோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில், டாக்டர் ஆவது என்று உறுதி எடுத்துச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்திஜியின் சொல்லைக் கேட்டு, ஆபரேஷன் அறையிலும் கதர் அங்கி போட்டார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம்! எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான பட்டம்தான் கிடைத்தது. மாமனார் செய்த உதவியோடும், காக்கிநாடாவில் இருந்த ஒரு தர்ம நிதியின் ஆதரவோடும் 1923-இல் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். படிக்கும்போது வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் இரவு நேர எடுபிடி வேலை பார்த்தார்.

பிறகு லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது, அவருடைய குழுவினர் செய்து கொடுத்த அமினோப்டெரின் என்ற மருந்தைத்தான் ஃபார்பர் 1947-இன் கடைசியில் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948 ஜூனில் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு, கொஞ்ச காலமாவது நோய் தணிந்திருந்தது. அதுவரை உலகத்தில் யாரும் காணாத அதிசயம் அது! அதே குடும்பத்து மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட். இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அதைக் கொடுக்கிறார்கள். முடக்குவாதம் என்கிற மூட்டு நோய்க்கும் வாரம் ஒரு முறை சாப்பிடச் சொல்கிறார்கள். சுப்பாராவ் 1948 ஆகஸ்டில், 53 வயதில் காலமாகிவிட்டார். நம் அரசாங்கம் 1995-இல் அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

யோசித்துப் பாருங்கள். பேர் தெரியாத யாரோ போட்ட தர்மக் காசில் சுப்பாராவ் கப்பல் ஏறினார். அவர் தந்த மருந்து, பேர் தெரியாத யாரோ அனுப்பிய சில்லறைக் காசில் வளர்ந்தது. கொடுத்தவருக்குத் தன் காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்றுகூடத் தெரிந்திருக்காது.

அடையாற்றில் ஒரு பெண்மணி

"அதெல்லாம் அமெரிக்காவுக்குச் சரி" என்று நினைக்க வேண்டாம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சுப்பாராவ் படித்த அதே மருத்துவக் கல்லூரியில் அவருக்கு முன்பே படித்துத் தேறியவர். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். மாதர் சங்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, நன்கொடை கேட்டுக் கேட்டு, 1954 ஜூன் 18-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் 12 படுக்கைகள்தான். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தங்கள் ஆயுளையே அதற்குக் கொடுத்தார்கள். 1960-இல் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவும் அங்கே வந்தது. டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் மறையும் வரை அங்கேதான் இருந்தார்.

விளையாட்டால் பணம் சேர்ப்பதும் நமக்குப் புதிதல்ல. 2016 ஏப்ரலில் சேப்பாக்கத்தில் சினிமா நட்சத்திரங்கள் கிரிக்கெட் ஆடி, நடிகர் சங்கக் கட்டிடத்துக்கு நிதி திரட்டினார்களே! கட்டிடத்துக்குக் கூடுகிற கூட்டம் குழந்தைக்குக் கூடாதா?

எதை மறைப்பது?

ஊர் திரும்பியதும் நான் முதலில் போனது அந்தப் பெண் வீட்டுக்குத்தான். பையன் தலைமுடி கொட்டித் துணி கட்டியிருந்தான். அடுத்த தடவை போவதற்குப் பணம் புரளவில்லை, ஒரு வாரம் தள்ளிப் போடலாமா என்று அவள் கணவன் யோசித்துக்கொண்டிருந்தான். இந்த நோய்க்கு நடுவில் வைத்தியத்தை நிறுத்துவது எவ்வளவு ஆபத்து! நான் அவளுக்கு ஜிம்மி கதையைச் சொன்னேன். வேறு புத்திமதி எதுவும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பையன் பேரை வெளிய சொல்லவே இல்லியா சின்னம்மா?" என்று கேட்டாள்.

"ஐம்பது வருஷம் சொல்லலை."

"அப்ப எம் புள்ள பேரையும் சொல்லக்கூடாது. ஊரும் சொல்லக்கூடாது. அப்படின்னா கேளுங்க" என்றாள்.

அந்த வாரச் செலவுக்கு உறவுக்காரர்கள் நான்கு பேர் கைமாற்றாகக் கொடுத்தோம். நல்லவேளை, ஒரு நாள்கூடத் தள்ளிப் போகவில்லை.

2025 பொங்கலுக்குக் கபடி ஏற்பாடு செய்த எங்கள் தெருப் பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் தயங்கினார்கள். "பேர் இல்லாம கேட்டா யாருங்க அத்தை குடுப்பாங்க?" என்றான் ஒருவன். பிறகு அவர்களே வேகமாகிவிட்டார்கள். பொங்கல் பானை ஒன்றுக்கு மஞ்சள் துணியால் வேடு கட்டி, நடுவில் கிழித்து உண்டியல் ஆக்கினார்கள். 'இரத்தப் புற்றுநோயால் வாடும் நம் பகுதிக் குழந்தைக்கு' என்று அட்டையில் பெரிதாக எழுதினார்கள். ஜெயித்த அணி பரிசுத் தொகையில் பாதியைப் பானையில் போட்டது. நூறு நாள் வேலைக்குப் போகிற பாட்டி ஒருத்தி, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் போட்டுவிட்டு, "எந்த வீட்டுப் புள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாததால்தான் அது எல்லோர் வீட்டுப் பிள்ளையும் ஆயிற்று என்று எனக்குத் தோன்றியது.

34 ஆயிரத்துச் சொச்சம் சேர்ந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், எங்கள் மகளிர் குழுவில் இருவரும் எல்லோர் முன்னிலையிலும் எண்ணினார்கள். மொத்தத் தொகையைத் திடலிலேயே பலகையில் எழுதிவிட்டோம். ஒவ்வொரு பயணத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வைத்தியம் இன்னும் முடியவில்லை. வாரம் ஒரு நாள் சின்ன மஞ்சள் மாத்திரை சாப்பிடுகிறான். அட்டையில் பெயரைப் படித்துப் பார்த்தேன், மெத்தோட்ரெக்ஸேட்! அந்தத் தாயிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பாஸ்டனில் குழந்தையின் பெயரை மறைத்தார்கள், நோயை மறைக்கவில்லை. நாமோ நோயை மறைத்துவிடுகிறோம். அதனால் உதவியும் வராமல் போகிறது, வைத்தியமும் தாமதமாகிறது. பெயரை எவ்வளவு வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளுங்கள். அது குழந்தையின் உரிமை. நோயை மட்டும் மறைக்காதீர்கள்.

சகோதரிகள் கவனத்துக்கு

குழந்தைக்கு விடாத காய்ச்சல், காரணமில்லாத வெளிறல், உடம்பில் நீலத் திட்டுகள் அல்லது சிவப்புப் புள்ளிகள், ஈறிலோ மூக்கிலோ அடிக்கடி இரத்தம், கை கால் எலும்பு வலி, கழுத்தில் நெறிகட்டு இவை தொடர்ந்தால் மந்திரித்துக்கொண்டு காலம் கடத்தாதீர்கள். எல்லாம் புற்றுநோய் என்று பயப்படவும் வேண்டாம். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையே பாதி வழி காட்டிவிடும்.

இது தொற்று நோய் அல்ல. கூட உட்கார்ந்து சாப்பிடலாம். பெரும்பாலும் பரம்பரையாக வருவதும் அல்ல. அக்காள் கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. குழந்தைகளுக்கு அதிகமாக வருகிற இரத்தப் புற்றுநோய் வகையில், வசதியான நாடுகளில் இன்று பத்துக்கு ஒன்பது குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வைத்தியம் இரண்டு மூன்று வருஷம் நீளும். நடுவில் விடக்கூடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி உண்டு. அட்டை இல்லாதவர்கள், நோய் வரும் வரை காத்திராமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

உங்கள் ஊரிலும் ஒரு திடல் இருக்கும், பிள்ளைகள் ஏதாவது விளையாடத்தான் செய்வார்கள். அடுத்த ஆட்டத்துக்கு ஒரு பானைக்கு வேடு கட்டி வையுங்கள். மூன்று பேராக எண்ணுங்கள், கணக்கைப் பலகையில் எழுதுங்கள். ஒரு வருஷத்தோடு விட்டுவிடாமல், அடுத்த வருஷமும் அதே நாளில் வையுங்கள்.